நான் கடலுக்கு விட்ட எலிமூளை முட்கள்

பிள்ளைகளே, ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். என்னை ஒரு வேலைக்கு எடுத்தபோது எனக்கு என்ன தெரியாது என்று கேட்டார்கள். அதுவும் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள்.

"ஐயா, உங்களுக்கு மூளையைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

"ஒண்டும் தெரியாது மேடம்."

"எலியைப் பற்றி?"

"குசினிக்குள்ள வாறது தெரியும். அதுக்கு மேல தெரியாது."

"உங்கட மகள் என்ன ஆராய்ச்சி செய்யிறா எண்டு சொன்னவவா?"

"சொன்னவ மேடம். எனக்கு விளங்கேல்ல."

"மிச்சம் நல்லது," என்றார் மகளின் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான அந்த மேடம். "நீங்கள்தான் சரியான ஆள்."

சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் கோட்டைவிட்டவன் நான். ஒரு பெரிய படிப்புப் படித்த மனிதர் என்னை இப்படிப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு, கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். என் மகள் அப்போது தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஏதோ பகிஷ்கரிப்பு என்று கம்பஸை மூடிவிட்டார்கள். அவள் பெட்டியும் லப்டொப்புமாக அன்புவழிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். லப்டொப்புக்குள் அறுபது படங்கள் இருந்தன. எல்லாம் எலிமூளையை மெல்லிசாகச் சீவி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து எடுத்த படங்கள். மஞ்சள் பின்னணியில் கறுப்புக் கறுப்பாகக் கிளைகள். கிளை நெடுகிலும் சின்னச் சின்ன முட்கள்.

மூளைக்குள் இருக்கும் நரம்புக் கலம் ஒவ்வொன்றுக்கும் மரம்போலக் கிளைகள் உண்டு. ஒரு கலம் இன்னொரு கலத்தோடு கதைப்பது பெரும்பாலும் அந்த முட்களில்தான். மற்றக் கலத்தின் நுனி முள்ளின் தலைக்கு மிகவும் கிட்ட வந்து நிற்கும், ஆனால் தொடாது. செய்தி அந்த இடைவெளியைத் தாண்டிப் போகும். அந்தச் சந்திப்புக்குப் பெயர் சினாப்ஸ். இதெல்லாம் பிறகு எனக்கு விளங்கியது. அப்போது எனக்கு அது கறல் பிடித்த முட்கம்பி மாதிரித்தான் தெரிந்தது.

முட்களை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, நீளத்தை அளக்க வேண்டும். இரண்டு பேருடைய கணக்கும் ஒத்துப்போனால்தான் அது கணக்கு. மகளோடு சேர்ந்து எண்ணுவதாக இருந்த சிநேகிதிக்குத் திடீரென்று வெளிநாட்டு விசா கிடைத்துவிட்டது. எண்ணாமலே போய்விட்டாள். மகள் தன் அறிக்கையை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த முறை வரும்வரைக்கும் வீட்டில் இருக்க வேண்டும்; அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் மேடம் ஒரு வழி சொன்னார். எண்ணுகிற இரண்டாவது ஆள் யாராகவும் இருக்கலாம். அந்த எலிகளுக்கு என்ன நடந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

எனக்கு அந்த வாரம் வேலை இல்லை. இருபத்திரண்டு வருடமாக உப்புவெளிக் கடற்கரையில் சிங்க இறால் வாங்கும் நிலையமொன்றில் இறாலை அளப்பதுதான் என் தொழில். அப்போது இறால் பிடிக்கத் தடையான மாதம். அளப்பதற்கு வாய் வெட்டிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. இறாலின் முதுகு ஓட்டில் அதைப் போட்டுப் பார்ப்பேன். அளவுக்கு வந்தால் கூடைக்குப் போகும். அளவுக்கு வராத சின்னதும், வயிற்றில் முட்டையோடு இருக்கிறதும் திருப்பிக் கடலுக்குப் போகும். வாங்கியதைக் கொப்பியின் முன்பக்கம் எழுதுவேன். விட்டதைப் பின்பக்கம் எழுதுவேன். முன்பக்கம் முதலாளிக்கு. பின்பக்கம் மீன்பிடி அதிகாரிக்கு, அவர் வந்து கேட்டால் மட்டும்.

திங்கட்கிழமை காலை மகள் எனக்குப் படிப்பித்தாள்.

"அப்பா, மூலையில வெள்ளைக் கோடு ஒண்டு தெரியுதே, அது பத்து மைக்ரோன்."

"மைக்ரோன் எண்டா?"

அவள் என் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கினாள்.

"இருக்கிறதே கொஞ்சம். அதிலையும் புடுங்கிறியோ?"

"இதின்ர தடிப்பு எழுபது, எண்பது மைக்ரோன் வரும். முள்ளு ஒண்டு, ஒண்டரை மைக்ரோன்தான்."

நான் அந்த மயிரை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் குறுக்கே ஐம்பது முட்களை வால் தலையாகப் படுக்க வைக்கலாம் என்றாள். ஐம்பது சிங்க இறாலை வரிசையாக வைத்தால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிணறு வரை வரும். எனக்கு அப்படித்தான் யோசிக்கத் தெரியும்.

பிறகு என் கை, என்னைக் கேட்காமலே, சுவரில் ஆணியில் தொங்கிய தகட்டை எடுத்துத் திரையில் வைத்தது.

"அப்பா! கீறும்! கீறும்!"

தகட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டாள். திரையிலேயே முள்ளின் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு இழுத்து, ஒரு எழுத்தை அமத்தினால் நீளம் இலக்கமாக வரும். அதைக் கொப்பியில் எழுத வேண்டும். சில முட்களுக்குக் காளான்போலத் தலை இருந்தது. சிலது கட்டையாக இருந்தது. சிலது மெல்லிசாக நீண்டிருந்தது. மத்தியானத்துக்குள் எனக்குக் கை படிந்துவிட்டது. கையில் குத்தாத இறாலை அளப்பது லேசான வேலை.

கஷ்டமான வேலை, ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான். மகள் தன் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, நான் கேட்கவே கூடாத விஷயம் ஒன்று என் மனைவியிடம் இருந்தது. அவ அதை விருந்துக்கு எடுத்த சேலைபோல வைத்துக்கொண்டு திரிந்தா.

சோறு போடும்போது பெருமூச்சு விட்டா. "பாவம் அந்த எலியள்."

"ஏன் பாவம்?"

"சொல்லமாட்டன்."

"சரி, சொல்லாத."

"எல்லா எலியும் பாவமில்ல. பாதிதான்."

"அம்மா!" என்று மகள் அறைக்குள்ளிருந்து கத்தினாள்.

"நான் என்னடி சொன்னனான்? குழம்பு ஊத்திறன்."

செவ்வாய்க்கிழமை மனைவியின் தம்பி உப்புவெளியிலிருந்து மீன் பையோடு வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருடைய வாயில் விழுந்த கதையும், ஓட்டை வாளியில் ஊற்றின தண்ணியும் ஒன்று. தமக்கை அவருக்கு எலிக்கதையைத் தொலைபேசியில் சொல்லிவிட்டா. அவர் சைக்கிளை மதிலோடு சாய்த்துவிட்டு, "அத்தான், அந்த எலியளுக்கு என்ன செய்தவங்கள் எண்டு தெரியுமே?" என்றபடி வந்தார்.

நான் எழும்பி ஓடினேன்.

ஓடுவதற்கு இடம் இருந்தது கக்கூசு மட்டும்தான். உள்ளே போய்க் கொண்டி போட்டேன். அவர் கதவடியில் வந்து நின்றார். என்னை மகள் கொடுமைப்படுத்துகிறாள் என்று அவருக்கு எண்ணம்.

"அத்தான், நீங்கள் பயப்பிடாதேங்கோ. நான் சொல்லுறன். அவள் சின்னப் பிள்ளை, உங்களை மடையனாக்கி வைச்சிருக்கிறாள்."

"வேண்டாம் மச்சான்! நான் மடையனாத்தான் இருக்கவேணும்!"

அவர் நிறுத்தவில்லை. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கோயிலில் பாடுகிற பாட்டொன்றைத் தொண்டை கிழியப் பாடினேன். இரண்டாவது வரி முடிந்து மூச்செடுத்த இடத்தில் ஒரு சொல் உள்ளே வந்துவிட்டது. அதோடு வெளியே மகளின் சத்தமும் விளக்குமாற்றின் சத்தமும் கேட்டன.

"மாமா! வெளியில போங்கோ மாமா!"

கதவைத் திறந்தேன். மகளின் முகம் வெளிறியிருந்தது.

"என்ன கேட்டீங்கள் அப்பா? உண்மையைச் சொல்லுங்கோ."

"ஏணி."

"ஏணி எண்டு மட்டுமோ?"

"ஏணி எண்டு மட்டும்தான்."

அவள் உடனே மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "மேடம், அப்பாவுக்கு ஏணி தெரிஞ்சுபோச்சு."

மேடம் உடனே, "ஏணி மட்டும்தானே? சில்லு தெரியாதே?" என்று கேட்டார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்," என்றாள் மகள் மெல்ல, "அப்பா பக்கத்தில நிக்கிறார். கேட்டுட்டுது."

"ஐயோ," என்றார் மேடம். கடைசியில், ஏணியையும் சில்லையும் வைத்துக்கொண்டு எந்த மனிதராலும் ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாது, தொடர்ந்து எண்ணட்டும் என்று தீர்ப்பு வந்தது. அது உண்மைதான். அன்று பின்னேரம் முழுக்க நான் யோசித்தேன். ஏணியும் சில்லும். எலிகள் வீடு கட்டுகின்றனவா? தேர் இழுக்கின்றனவா? கேட்கவும் ஏலாது. மற்றப் படத்துக்குப் போனேன்.

வியாழன் பின்னேரம் அறுபதும் முடிந்தது. மகள் தன் கொப்பியோடு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நான் இந்தப் பக்கம்.

"முதலாம் படம். நான் பதினொண்டு. நீங்கள்?"

"ஆறு."

"ரெண்டாம் படம். பதினாலு."

"எட்டு."

"மூண்டு. ஒன்பது."

"ஒன்பது," என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நாலு. பதினாறு."

"ஏழு."

பத்துப் படம் வரைக்கும் போனோம். பிறகு அவள் பேனையை வைத்துவிட்டாள். சத்தம் போடவில்லை. கண்ணால் தண்ணி மட்டும் வந்தது. நாலாம் படத்தைத் திறந்து விரலால் காட்டினாள். "இது எங்க அப்பா? இது? இந்தச் சின்னன் எல்லாம் எங்க?"

"அதுகளை விட்டனான் பிள்ளை."

"விட்டனீங்களோ? ஏன்?"

"அளவுக்கு வரேல்லையே. தலையும் வைக்கேல்ல. குஞ்சுகள்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவும் சொன்னேன், "சின்னதை எடுக்கக் கூடாதுதானே." சொல்லும்போதே எனக்கு என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது. அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கை பழகின பழக்கத்தில், எலியின் மூளைக்குள்ளிருந்தும் சின்னதுகளைக் கடலுக்கு விட்டிருக்கிறேன்.

"அப்பா, அந்தச் சின்னதுகள்தான் புதுசா முளைச்ச முள்ளு. என்ர முழு வேலையும் அதுதான்."

மேடத்துக்குச் சொன்னோம். நான் திரும்பவும் எண்ணுகிறேன், விடிய விடிய எண்ணுகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "இல்லை ஐயா. சின்னது முக்கியம் எண்டு இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நீங்கள் சின்னதைத் தேடித் தேடி எடுப்பீங்கள்." அதுவும் சரி. அந்த நேரமே எனக்கு யன்னல் சீலையின் பூப்போட்ட கரையில் சின்னச் சின்ன முட்கள் தெரியத் தொடங்கியிருந்தன. வேறு ஒரு ஆளைப் பிடிக்கச் சொன்னார். எலிகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள். பத்துப் படம் எண்ணினாலும் போதும், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒன்றும் தெரியாத ஆள் ஒருவரைப் பிடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

சந்திக் கடைக்காரரிடம் போனேன். "தம்பி, பல்கலைக்கழகத்து எலியளைப் பற்றி ஏதாவது தெரியுமோ? தெரியும், தெரியாது எண்டு மட்டும் சொல்லும். என்னெண்டு சொல்லாதேயும்."

"ஏணி வைச்ச எலிதானே அண்ணை? உங்கட மச்சான் சொன்னவர்."

காதைப் பொத்திக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன். தையல்காரி வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டே தலையாட்டினா, தெரியும் என்று. ஓட்டோ நிறுத்துமிடத்தில் நாலு பேரும் ஒன்றாகக் கை உயர்த்தினார்கள். அதில் ஒருவர், "ஏணியால விழுந்த எலிக்கு இப்ப எப்பிடி அண்ணை?" என்று அக்கறையாக விசாரித்தார். மீன் சந்தைப் பக்கம் நான் போகவே இல்லை. அங்கேதான் மச்சான் இருந்தார். பஸ் ஸ்ராண்டில் வெளியூர்க்காரர் ஒருவருக்கு எலியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷத்தில் அவருடைய கையைப் பிடித்து, "வீட்டுக்கு வாங்கோ, எலிமூளை காட்டுறன்," என்றேன். அவர் வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அது அவருடைய ஊருக்குப் போகிற பஸ்தானா என்று எனக்குச் சந்தேகம்.

கருக்கலோடு வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்று விளங்கியது. திருகோணமலை நகரத்திலேயே அந்த எலிகளுக்கு என்ன நடந்தது என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.

மகள் மேசையில் தலை கவிழ்த்துப் படுத்திருந்தாள். "மகள், ஆள் கிடைக்கேல்ல," என்றேன். அவள் எழும்பவில்லை. என்னால் அவளுடைய வேலை போகப்போகிறது. அவள் ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தா. "இஞ்சேருங்கோ, ஏன் தெரு நீளத்துக்கு ஆள் தேடுறியள்? கொப்பியின்ர பின்பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறது என்ன?"

"அது விட்டதுகள்."

மகளின் தலை நிமிர்ந்தது. "என்ன விட்டதுகள்?"

"விட்ட முள்ளுகள். பின்பக்கம் எழுதுறதுதானே."

"அப்பா! விட்டதையும் அளந்தனீங்களோ?"

"அளக்காம எப்பிடிப் பிள்ளை சின்னது எண்டு தெரியும்?"

அவள் மேசையில் கிடந்த என் கொப்பியை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். படம் ஒன்று: சின்னது நாலு, பக்கத்தில் ஒவ்வொன்றின் நீளம். படம் இரண்டு: சின்னது ஆறு. அப்படியே போனது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மகளும் கேட்டாள். அதிகாரி வந்து கேட்டால் மட்டும் காட்டுகிற பக்கம் அது. ஒருவரும் கேட்கவில்லை.

"இது என்ன அப்பா, முட்டை ஒண்டு?"

"பெரிய முள்ளுதான். பக்கத்தில ஒரு குமிழ் இருந்தது. முட்டையோட இருக்கு எண்டு விட்டனான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணி காயவில்லை. "அது ரெட்டைத் தலை முள்ளு அப்பா."

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கூட்டினாள். முதலாம் படம்: ஆறு, நாலு, முட்டை ஒன்று. பதினொன்று. இரண்டாம் படம்: எட்டும் ஆறும் பதினாலு. எனக்கு ஒன்றும் தெரியாத காலத்தில் அளந்த அளவு. மேடத்துக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் முப்பத்தோராம் படத்திலிருந்து எட்டுப் படங்களுக்கான தாள் இல்லை.

"அது நான் கிழிச்சனான்," என்றா மனைவி. "மறுபக்கம் வெறுமனே கிடந்தது. மல்லி, சீரகம் எழுதித் தம்பியிட்டக் குடுத்துச் சந்திக் கடைக்கு அனுப்பினனான்."

வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். கடைக்காரர் சாமான் துண்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். அதிலிருந்து எங்களுடைய தாளை எடுத்துக்கொண்டு, தரத் தயங்கினார்.

"அண்ணை, பின்னால இருக்கிற இலக்கம் என்ன? நான் அதைப் பார்த்துத்தான் லொத்தர்ச் சீட்டு எடுத்தனான். எல்லாம் பூச்சியத்தில துவங்குது எண்டு யோசிச்சனான்."

"அது எலிமூளை தம்பி."

"ஏணி வைச்ச எலியோ, வைக்காத எலியோ?"

காதைப் பொத்தக் கை இல்லை. ஒரு கையில் சைக்கிள், மறு கையில் தாள். அப்படியே ஓட்டம்.

பதினொன்றரைக்கு மகள் எல்லாவற்றையும் அனுப்பினாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க மேடம் தொலைபேசி எடுத்தார். இரண்டு கணக்கும் நன்றாக ஒத்துப்போகிறது என்றார். "பின்பக்கம் எழுதினபோது அவருக்கு ஒண்டும் தெரியாதுதானே?"

"ஏணியும் சில்லும் தெரியும் மேடம்."

"சில்லுக்கு நான் பொறுப்பு," என்றார். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். மகளுக்குச் சொன்ன வேலையும் கிடைத்தது. அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி உண்டு, பெயரில்லாமல். இரண்டாவதாக எண்ணியவர் இவ்விடயம் பற்றி எதுவும் அறியாதவர். மனைவி அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினா.

அன்று மத்தியானச் சோற்றோடு எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். பாதி எலிகளை ஏணி, ஏறி ஓடினால் சுழலுகிற சில்லு, பந்து எல்லாம் போட்ட பெரிய கூட்டில் விளையாட விட்டார்களாம். மற்றப் பாதி வெறும் பெட்டிக்குள். விளையாடிய எலிகளின் மூளையில்தான் அந்தச் சின்ன முட்கள் கூடுதலாக முளைத்திருந்தன. நான் நாலு நாள் யோசித்ததில் இது ஒரு தரமும் வரவில்லை. தேர் வந்தது, இது வரவில்லை.

அடுத்த வருடம் மேடம் திரும்பவும் தொலைபேசி எடுத்தார். வேறு ஒரு பிள்ளையின் படங்களாம். என் கணக்கு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

"ஐயா, சும்மா முறைக்குத்தான் கேட்கிறன். உங்களுக்கு மூளையைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்த வேலை விருப்பம். ஆனால் கேட்டால் காட்டுவது என் பழக்கம்.

"கொஞ்சம் தெரியும் மேடம்."

"ஐயோ," என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார். "ஏலாதே ஐயா."

அப்படி எனக்கு அந்த வேலை போயிற்று. உங்களில் ஒருவரை அனுப்பலாமோ என்றும் யோசித்தேன், பிள்ளைகளே. ஆனால் இதை இவ்வளவு தூரம் வாசித்த பிறகு, உங்களையும் எடுக்கமாட்டார்கள்.